பழைய டயல் போனில் செல்போன் அழைப்பு: முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விரலை விட்டுச் சுற்றும் கருப்பு போன் ஒன்று பரணில் கிடக்கிறது. வீட்டில் லேண்ட்லைன் இல்லை. பரவாயில்லை, அதில் பேசலாம். உங்கள் செல்போனுக்கு யாராவது கூப்பிட்டால் அந்தக் கருப்பு போனின் மணி அடிக்கும். ரிசீவரை எடுத்துப் பேசலாம். டயலைச் சுற்றினால் உங்கள் செல் நம்பரிலிருந்தே அழைப்பு போகும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வேண்டும்.

போனின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, சிம் போடும் சர்க்யூட் போர்டு ஒன்றைத் திணித்து 'ஸ்மார்ட்' ஆக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. கைவேலை தெரிந்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போன் அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டியதை எல்லாம் வெளியே இருக்கும் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. பெட்டி பழசானால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். 1948ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் டயல் போனைப் பிரித்துக் கெடுத்துவிட்டால் புதிதாக வாங்கக் கடை கிடையாது.

முதலில், போன் எப்படி வேலை செய்கிறது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இது தெரிந்தால் தாமாகவே புரிந்துவிடும்.

போனுக்கு வருவது இரண்டே கம்பி. ரிசீவர் கீழே இருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஏறக்குறைய 48 வோல்ட் டி.சி. கொடுத்து வைத்திருந்தது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி மின்சாரம் ஓடும். டயலைச் சுற்றி விட்டால், அது திரும்பி வரும்போது அந்த ஓட்டத்தை வெட்டி வெட்டிச் சேர்க்கும். 1 என்றால் ஒரு வெட்டு, 5 என்றால் ஐந்து, 0 என்றால் பத்து. வேகம் வினாடிக்குப் பத்து வெட்டு. இதுதான் பல்ஸ் முறை. பட்டன் போன்கள் இதற்குப் பதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சத்தத்தை அனுப்புகின்றன. அது டோன் முறை.

டயலுக்குச் சின்னப் பூட்டுப் போட்டு வைத்திருந்த வீடுகளை நினைவிருக்கிறதா? எஸ்.டி.டி. எனும் வெளியூர் அழைப்புப் பில்லுக்குப் பயந்து அப்பாக்கள் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை வேகமாகத் தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள். மூன்று தட்டு தட்டினால் 3. டயல் செய்வதும் அதே வெட்டுதான் என்பதால் எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வித்தை இன்றைக்கும் உதவும். கோளாறு பார்க்கும் இடத்தில் சொல்கிறேன்.

மணி அடிப்பது தனிக் கதை. அதற்கு எக்ஸ்சேஞ்ச் சுமார் 75 வோல்ட், வினாடிக்கு 25 சைக்கிள் ஏ.சி. அனுப்பும். இரண்டு கிண்ணத்துக்கு நடுவே உள்ள சுத்தியல் அந்த வேகத்தில் ஆடி அடிக்கும். ஆக, எக்ஸ்சேஞ்ச் செய்துவந்த வேலை மூன்று: மின்சாரம் கொடுப்பது, வெட்டுகளை எண்ணுவது, மணிக்கு வோல்டேஜ் அனுப்புவது. நீங்கள் வாங்கப்போகும் பெட்டி இந்த மூன்றையும் செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் சங்கடம்தான்.

போனைத் தேடுவதும் சோதிப்பதும்

சொந்த வீட்டுப் பரண், பெரியம்மா வீட்டு மாடி அறை, மூடிய அலுவலகத்தின் ஸ்டோர் ரூம், இவற்றில் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல சரக்கு கையில் கிடைக்கும். வெயில் ஏறினால் நமக்கும் பொறுமை இருக்காது. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகளிலும் அவ்வப்போது வரும். 1985ல் பழைய மூர் மார்க்கெட் கட்டடம் எரிந்துபோனாலும் பழைய பொருள் வியாபாரம் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

பித்தளையும் மரமும் பளபளக்க, கொம்பு மாதிரி தாங்கியோடு 'விக்டோரியா காலத்து' போன் என்று ஒன்று விற்பார்கள். வாங்காதீர்கள். பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்தவை. சிலவற்றில் டயல் போலவே வட்டமாக எண்கள் இருக்கும், ஆனால் சுற்றாது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பட்டன். டோன் போனாக அது வேலை செய்யக்கூடும். நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

கடைக்காரர் "ஒர்க்கிங் கண்டிஷன் சார்" என்பார். அங்கே லைன் கிடையாது என்பதால் அவரும் சோதித்திருக்க மாட்டார். கையாலேயே பார்க்கக்கூடியவை இவை.

டயலில் 0-வை முழுதாக இழுத்து விடுங்கள். 'கிர்ர்ர்' என்று ஒரே சீராக, ஒரு வினாடியைவிடச் சற்றே அதிக நேரத்தில் திரும்ப வேண்டும். நடுவில் தயங்கினாலோ கடைசியில் சோம்பினாலோ உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. சுத்தம் செய்யலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரும்பவே இல்லை என்றால் ஸ்பிரிங் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். அடுத்து, ரிசீவரை எடுத்தால் பொத்தான்கள் தாமாக மேலே வருகின்றனவா என்று பாருங்கள். ரிசீவரின் இரண்டு மூடிகளையும் திருகிக் கழற்றுங்கள். கேட்கும் பக்கமும் பேசும் பக்கமும் வட்டத் தகடுகள் இருக்க வேண்டும். சில போன்களில் யாரோ ஏற்கெனவே எடுத்துப் போயிருப்பார்கள். கடைசியாகத் தூக்கிப் பாருங்கள். மணியும் இரும்பும் உள்ளே இருந்தால் கனக்கும். பிளாஸ்டிக் பொம்மை கனத்தில் இருந்தால் வயிறு காலி.

கையோடு ஒரு 9 வோல்ட் பேட்டரி கொண்டுபோனால் இன்னும் நல்லது. போனிலிருந்து வரும் இரண்டு லைன் கம்பிகளை அதன் இரண்டு முனைகளில் வைத்து, ரிசீவரை எடுத்து ஊதுங்கள். உங்கள் ஊதல் உங்கள் காதிலேயே கேட்டால் மைக், ஸ்பீக்கர், ரிசீவர் வயர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. சத்தம் மங்கலாக இருந்தால் ரிசீவரின் பேசும் பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஊதுங்கள். அந்த மைக்கின் உள்ளே இருப்பது கரித்துகள். நம் ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் கட்டிப்பட்டுப் போகும். தட்டினால் உதிர்ந்து வழிக்கு வரும்.

எந்தப் பெட்டி

இங்கேதான் ஆட்கள் பணத்தை விரயம் செய்கிறார்கள். நான்கு வழி உண்டு.

ஒன்று, புளூடூத் பெட்டி. எக்ஸ்லிங்க், செல்-டு-ஜாக் என்ற பெயர்களில் வருபவை இந்த வகை. செல்போனுக்கு இது ஒரு ஹெட்செட் மாதிரி. டயல் போனுக்கு இது ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். வீட்டில் லேண்ட்லைனே இல்லாதவர்களுக்கு இதுதான் நேர்வழி. ஆனால் ஒரே பெயரில் பல மாடல்கள் வரும். வாங்கும் முன் விவரப் பட்டியலில் 'பல்ஸ் டயலிங்' அல்லது 'ரோட்டரி போன்' ஏற்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லா போனிலும் வேலை செய்யும்' என்ற பொத்தாம்பொதுவான வாக்கியத்தை நம்ப வேண்டாம். அதை எழுதியவர் பட்டன் போனை மனதில் வைத்து எழுதியிருப்பார்.

இரண்டு, சிம் போடும் பெட்டி. பின்னால் போன் ஜாக் இருக்கும். செல்போன் வீட்டில் இல்லாதபோதும் மணி அடிக்கும் என்பது வசதி. தனி சிம், தனி ரீசார்ஜ் என்பது செலவு. இந்த வகையில் விலை மலிவானவை பெரும்பாலும் 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஆகவே அந்த சிம் அதில் செத்துக் கிடக்கும். வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி வழியே பேசும் அழைப்பு எடுக்கும் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்று, ஏற்கெனவே வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் அந்த மோடத்தின் பின்பக்கம் பாருங்கள். பல மோடங்களில் 'போன்' என்று ஒரு சின்ன ஜாக் இருக்கும், திட்டத்தோடு 044 நம்பர் ஒன்றும் சும்மா கொடுத்திருப்பார்கள். அதில் செருகினால் வரும் அழைப்புக்கு மணி அடிக்கும், பேசலாம். வெளியே அழைக்க மட்டும் பல மோடங்களுக்குப் பல்ஸ் புரியாது. அதற்கு 'டயல்கிஸ்மோ' போன்ற பல்ஸ்-டோன் மாற்றியை நடுவில் செருகலாம். செல்போன் இதில் வராது, ஆனாலும் வரும் அழைப்பு மட்டும் போதும் என்பவர்களுக்குச் செலவே இல்லாத வழி இது. இந்த வழியில் செல் நம்பரை அழைத்தால் முன்னால் 0 போட மறக்காதீர்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அதுதான் விதி.

நான்காவது, இணையவழி அழைப்புக்கான ஏ.டி.ஏ. பெட்டி. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.801 போன்றவற்றில் பல்ஸ் டயலிங்கை 'ஆன்' செய்யும் வசதி உண்டு. கம்ப்யூட்டர் நெட்வொர்க் பழக்கம் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் தலைவலியை விலைக்கு வாங்க வேண்டாம்.

இனி முதல் வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெட்டி பெரும்பாலும் ஆன்லைனில்தான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் அதன் அடாப்டரில் 'இன்புட் 100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கில் செருக வேண்டும். 110 வோல்ட் மட்டும் என்றால் நம் 230ல் புகைந்துவிடும். யு.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடும் பெட்டியானால் இந்தக் கவலை இல்லை. மற்ற சில்லறைச் சாமான்களுக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு போதும்: ஆர்.ஜே.11 பின் வைத்த டெலிபோன் வயர் ஒன்று, சின்ன மல்டிமீட்டர் ஒன்று, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில்.

டயலைச் சுத்தம் செய்தல்

போன் எந்த லைனிலும் செருகியிருக்கக் கூடாது. மணிக்கு வரும் 75 வோல்ட் விரலில் பட்டால் நன்றாக உதறும்.

அடியிலுள்ள திருகுகளைக் கழற்றினால் மேல்மூடி தனியாக வரும். கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தூசியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். பேக்கலைட் உடம்பைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு பிராசோ மாதிரி மெட்டல் பாலிஷைத் துளி எடுத்துத் தேய்த்தால் மங்கல் போகும்.

டயலின் பின்பக்கம் பித்தளை இலைகள் போல மெல்லிய தொடர்புத் தகடுகள் இருக்கும். வெட்டிச் சேர்ப்பது அவைதான். கடற்காற்றில் அவற்றின் முனை கறுத்திருக்கும். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. முனையிலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே விட்டு மெதுவாக இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர் எனும் சின்னச் சுழலி. அது ஒரு கிண்ணத்துக்குள் உரசிச் சுழல்வதால்தான் டயல் ஒரே சீராகத் திரும்புகிறது. அந்தக் கிண்ணத்துக்குள் எண்ணெய் விட்டால் உரசல் போய் டயல் தறிகெட்டு ஓடும். அச்சு முனைகளில் மட்டும், குண்டூசி நுனியில் தொட்ட தையல் மெஷின் எண்ணெய். வீட்டில் யாராவது தேங்காய் எண்ணெயோடு வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். அது பிசினாகி, அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி இதே வேலையைச் செய்ய வேண்டிவரும்.

சுத்தம் முடிந்ததும் மல்டிமீட்டரை லைன் கம்பிகள் இரண்டிலும் வைத்து, ரிசீவரை எடுத்துவிட்டு 5 சுற்றுங்கள். முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் இதற்கு அதுதான் சுகம். முள் ஐந்து முறை துள்ளும். எண் காட்டும் மீட்டர் இந்த வேகத்துக்குத் தடுமாறும். டயலின் வேகத்தைப் பார்க்க, 0 திரும்புவதைச் செல்போனில் வீடியோ எடுத்து நேரத்தைப் பாருங்கள். வினாடிக்கு 9 முதல் 11 வெட்டுக்குள் இருந்தால் பெட்டிகள் பொதுவாக ஏற்கும்.

இணைப்பது

இந்தப் பகுதி உண்மையில் கொஞ்ச நேர வேலைதான்.

1. ஆர்.ஜே.11 வயரின் ஒரு முனையில் பின் இருக்கட்டும். மறுமுனையை வெட்டி, நடுவிலுள்ள இரண்டு கம்பிகளை மட்டும் உரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிவப்பும் பச்சையும். மற்ற இரண்டும் இருந்தால் மடக்கி டேப் சுற்றுங்கள்.

2. போனிலிருந்து வரும் பழைய வயரின் லைன் கம்பிகள் இரண்டோடு அவற்றைச் சேருங்கள். வயரின் நுனியில் ரோசெட் எனும் பழைய சதுர இணைப்புப் பெட்டி இருந்தால் அதன் திருகுகளிலேயே முறுக்கிவிடலாம். எது சிவப்பில், எது பச்சையில் என்ற கவலை டயல் போனுக்கு இல்லை.

3. வயரைப் பெட்டியின் போன் ஜாக்கில் செருகி, பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்க வேண்டும். செல்போனை இணைக்கும் முன்பே டோன் கொடுக்கும் பெட்டியும் உண்டு, இணைத்த பிறகே கொடுக்கும் பெட்டியும் உண்டு.

4. செல்போனில் புளூடூத் அமைப்புக்குப் போய்ப் பெட்டியின் பெயரைத் தொடுங்கள். பின் நம்பர் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள். இணைந்ததும் அதே இடத்தில் 'மீடியா ஆடியோ' என்று இருந்தால் அணைத்துவிட்டு, 'ஃபோன் கால்ஸ்' மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வீட்டிலிருக்கும் இன்னொரு செல்லிலிருந்து கூப்பிடுங்கள். மணி அடிக்கட்டும்.

ஒரே ஒரு கடுமையான எச்சரிக்கை. பழைய அபார்ட்மென்ட்களில் ஒவ்வோர் அறையிலும் டெலிபோன் பாயின்ட் இருக்கும். ஹாலில் பெட்டியை அந்தப் பாயின்டில் செருகி, படுக்கையறைப் பாயின்டில் போனை வைக்கும் யோசனை நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் செம்புக்கம்பி லைன் அதோடு இன்னும் இணைந்திருந்தால், எக்ஸ்சேஞ்சின் வோல்டேஜ் உங்கள் பெட்டிக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். இணைப்பை எப்போதோ சரண்டர் செய்துவிட்டோம் என்பதால் கம்பி செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் கம்பி நுழையும் இடத்தில் இரண்டையும் கழற்றி, டேப் சுற்றி, மல்டிமீட்டரில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? செல்போனை நீங்கள் வழக்கமாகச் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில். புளூடூத் கணக்குப்படி பத்து மீட்டர் எட்டும் என்றாலும், நம் செங்கல் கான்கிரீட் சுவர்கள் அதில் பாதியைத் தின்றுவிடும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் கேட்கவே வேண்டாம். வைஃபை ரூட்டரின் தலைமேலும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சண்டை போடும்.

நம்பர் சுற்றுதல்

அழைப்பு உங்கள் செல் வழியாகப் போகிறது என்பதை மறக்காதீர்கள். சென்னைக்குள்ளேயே ஒரு லேண்ட்லைனைக் கூப்பிட்டாலும் 044 போட வேண்டும். வெறும் எட்டு இலக்கம் போகாது. செல் நம்பருக்கு முன்னால் 0 தேவையில்லை. பத்து வெட்டு மிச்சம்.

இந்தியச் செல் நம்பர்கள் எல்லாம் 6, 7, 8, 9ல்தான் தொடங்குகின்றன. டயலில் நீளமாக இழுக்க வேண்டிய எண்கள். 98400 என்று தொடங்கும் பழைய சென்னை நம்பர் என்றால் முதல் ஐந்து இலக்கத்துக்கே 41 வெட்டு. டயல் திரும்பும் நேரம் மட்டும் நாலு வினாடிக்கு மேல். அவசரக்காரர்களுக்கு ஏற்ற கருவி இல்லை. நிதானமாகப் பேச நினைக்கும் ஆளை மட்டுமே இதில் கூப்பிடத் தோன்றும், அதுவும் ஒரு நன்மைதான்.

விரலை முட்டுக் கம்பி வரை கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். திரும்பும்போது விரலை உள்ளேயே வைத்துத் தள்ளக் கூடாது. தொடுதிரையில் வளர்ந்த பிள்ளைகள் முதலில் தவறுவது இங்கேதான்: தள்ளுவார்கள், வெட்டுகளின் வேகம் மாறும், ராங் நம்பர் போகும்.

கடைசி எண் போட்டபின் பெட்டி சில வினாடி காத்திருந்து, பிறகுதான் செல்லுக்குக் கட்டளை கொடுக்கும். அந்த இடைவெளியை நாமே கூட்டிக் குறைக்க முடிகிற பெட்டிகள் உண்டு. தாத்தா டைரியைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகத் தேடிச் சுற்றுவார் என்றால் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பாதி நம்பரிலேயே பெட்டி அவசரப்பட்டு அழைத்துவிடும். குறிப்பிட்ட ஓர் எண்ணைச் சுற்றினால் செல்லின் குரல் உதவியாளரை எழுப்பும் பெட்டிகளும் இருக்கின்றன. 'அம்மாவுக்குப் போன் போடு' என்றால் போதும். கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இது மிகப் பெரிய வசதி, கையேட்டில் தேடிப் பாருங்கள்.

'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் வங்கி, கேஸ் புக்கிங் அழைப்புகளில் சிக்கல் வரும். பேச்சின் நடுவே சுற்றும் பல்ஸை டோனாக மாற்றி அனுப்பும் பெட்டி என்றால் 1, 2 போகும். நட்சத்திரமும் சதுரக்குறியும் டயலிலேயே கிடையாது. இந்த மாதிரி அழைப்புகளுக்குச் செல்லையே எடுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளையும் இதில் நம்ப வேண்டாம். சில செல்களில் மணி அடிக்கும், சிலவற்றில் அடிக்காது, டயலிலிருந்து வாட்ஸ்அப்புக்கு அழைக்கவும் முடியாது.

கோளாறு வந்தால்

போட்ட நம்பர் ஒன்று, போகும் நம்பர் வேறு என்றால், செல்போனில் கால் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெட்டி எண்ணியது அப்படியே அங்கே பதிவாகியிருக்கும். இதைவிட நல்ல சோதனைக் கருவி பழைய லைன்மேன்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது. சோதனைக்கு வீட்டாருடைய நம்பரையே போடுங்கள். பெரிய எண்கள் மட்டும் குறைந்து பதிவானால் (9 போட்டால் 8) டயல் இன்னும் சோம்பலாக இருக்கிறது, அல்லது தகடுகளில் அழுக்கு மிச்சமிருக்கிறது. ஒன்று கூடிப் பதிவானால் தகடு துள்ளுகிறது. ஒரே எண் இரண்டாக உடைந்து பதிவானால் திரும்பும் வழியில் எங்கோ தடை.

எதுவுமே பதிவாகவில்லையா? பூட்டுப் போட்ட போனில் பிள்ளைகள் செய்ததைச் செய்யுங்கள். ரிசீவர் பொத்தானை ஒரே சீராக வேகமாக ஐந்து தட்டு. அது 5 ஆகப் பதிவானால் பெட்டிக்குப் பல்ஸ் புரிகிறது, குற்றவாளி டயல்தான். தட்டியும் பதிவாகவில்லை என்றால் பெட்டி பல்ஸ் ஏற்காத மாடல், அல்லது அதில் அந்த வசதியை ஆன் செய்ய வேண்டும். 112ஐ மட்டும் விளையாட்டாகத் தட்டிவிடாதீர்கள். இரண்டு ஒன்றும் ஒரு இரண்டும் தற்செயலாகக்கூட விழக்கூடிய எண்கள், அவசர உதவி மையத்தில் யாரோ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மணிதான் அதிகம் படுத்தும். சின்னப் பெட்டிகள் பழைய எக்ஸ்சேஞ்ச் அளவுக்கு மணி வோல்டேஜ் தருவதில்லை. 'ட்ரிங்' வர வேண்டிய இடத்தில் 'டிக் டிக்' என்று முனகும். பெட்டியின் விவரத்தில் ஆர்.இ.என். என்று ஓர் எண் இருக்கும். எத்தனை மணிகளைத் தாங்கும் என்ற கணக்கு அது. இரண்டு பழைய போன்களை இணையாகப் போட்டிருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து கிண்ணங்களைக் கவனியுங்கள். அவற்றின் நடுத்திருகு சரியான மையத்தில் இருக்காது, வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். திருகைத் தளர்த்திக் கிண்ணத்தைச் சற்றே திருப்பினால் சுத்தியலுக்கு அருகில் வரும் அல்லது விலகும். சுத்தியல் இரண்டையும் தொட்டும் தொடாமலும் அடிக்கும் இடத்தில் இறுக்குங்கள். சுத்தியலோடு ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருந்தால், அது டயல் சுற்றும்போது மணி சிணுங்காமலிருக்க வைத்தது. அதைத் தளர்ந்த பள்ளத்துக்கு மாற்றினால் வலுக்குறைந்த வோல்டேஜிலும் அடிக்கும். இத்தனைக்கும் பிறகும் சத்தமே இல்லை என்றால், போனின் உள்ளே முனைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இணைப்புக் கம்பி ஒன்று விடுபட்டிருக்கலாம். பழைய டெலிபோன் மெக்கானிக் யாரையாவது தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் மணி இரட்டையாக 'ட்ரிங் ட்ரிங்' என்று அடித்து, சற்று நின்று, மறுபடி அடிக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி ஒரே நீட்டாக அடித்துவிட்டு நீண்ட நேரம் மௌனமாக இருக்கும். நாடு மாற்றும் வசதி பெட்டியில் இருந்தால் இந்தியா, இல்லையேல் பிரிட்டன் என்று வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தை உடனே கண்டுபிடிப்பார்கள்.

எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே எதிரொலிக்கிறது என்றால் செல்போனில் பேச்சின் நடுவே வால்யூமைக் குறையுங்கள், பெரும்பாலும் தீரும்.

மின்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய லைனில் கரன்ட் போனாலும் போன் பேசியது, எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அதற்குச் சோறு போட்டது. இந்தப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ரூட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றில், வோல்டேஜ் பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகிவிட்டால் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும். ஆனால் 2016 டிசம்பர் வர்தா புயல் அன்று போல டவர்களே படுத்துவிட்டால் யு.பி.எஸ். என்ன செய்யும்? ஆபத்துக்கு உதவும் போன் என்று இதை எண்ணி வயதானவர்களைத் தனியே விட்டுப் போக வேண்டாம்.

விளம்பர அழைப்புகளுக்கும் இந்த மணி கணீரென்று அடிக்கும். பெட்டியை நிரந்தரமாக வைக்கும் முன் 1909க்கு அழைத்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்னும் டி.என்.டி. பதிவு செய்துவிடுங்கள். மதியத் தூக்கம் உள்ள வீடாக இருந்தால் பெட்டியின் மின்சாரத்தைச் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து எடுங்கள். ஒரு தட்டில் அணைக்கலாம், சாயங்காலம் போட்டால் செல்போன் தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும்.